மறதிக்கு வயசு மட்டும்தான் காரணமா? சாப்பாட்டுத் தட்டையும் பாருங்க!

சென்னையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"அப்பாவுக்கு இப்பல்லாம் ஒண்ணுமே ஞாபகம் இருக்கறதில்லைங்க. பென்ஷன் புத்தகத்தை எங்கே வச்சார்னு அவருக்கே தெரியலை. கடைக்குப் போனா வாங்க வேண்டியதை மறந்துட்டு வெறுங்கையோட வர்றார். வயசாயிடுச்சு இல்லையா... என்ன பண்றது?"

வயசு! எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டு வீட்டில் இருப்பவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

வயசாவதால் மறதி வருவது உண்மைதான். மூளை செல்கள் அழிந்து வரும் அல்சைமர் போன்ற மறதி நோய்களும் உண்டு. அவற்றை முழுசாகக் குணப்படுத்த இன்றைக்கும் மருந்து கிடையாது.

ஆனால், 'வயசுக் கோளாறு' என்று ஒதுக்கிவிடும் மறதிகளில் ஒரு பகுதி சாப்பாட்டால் வருவது! சத்து போதாமல் வருவது, நேரம் தவறிச் சாப்பிடுவதால் வருவது, தண்ணீர் குடிக்காமல் வருவது என்று இதில் பல ரகம்.

இந்த ரக மறதியை ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். நேரத்தில் கண்டுபிடித்தால் சரியும் செய்யலாம். காலம் கடந்து போனால்? பழுதான நரம்பு பழுதானதுதான். பிறகு எத்தனை ஊசி போட்டாலும் முழுசாகத் திரும்பாது.

அதனால்தான் இந்தக் கட்டுரை.

காலையில் காபி, ராத்திரி பிஸ்கெட்!

நம் ஊர்ப் பெரியவர்கள் ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறார்கள்? கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

காலையில் ஒரு காபி. பதினோரு மணிக்கு ரெண்டு இட்லி. மத்தியானம் ரசம் சாதம், ஊறுகாய். சாயங்காலம் டீ, பொறை. ராத்திரி பசி இல்லை என்று நாலு பிஸ்கெட். முடிந்தது!

வயிறு நிறைகிறது. சத்து நிறைகிறதா?

இதற்குக் காரணங்கள் பல. முதல் காரணம் பல்! பல் போனதும் தட்டிலிருந்து கறி போகிறது. பிறகு காய் போகிறது. சுண்டல் போகிறது. மீன் இல்லாமல் சாதம் இறங்காது என்று இருந்த ராயபுரத்துப் பெரியவர்கூட, "முள்ளு பார்த்து எடுக்க முடியலைப்பா" என்று ரசத்துக்கு வந்துவிடுகிறார்.

அடுத்த காரணம் தனிமை. பிள்ளைகள் ஒரு பக்கம், மனைவி போய்ச் சேர்ந்தாச்சு. "ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்கறது?" என்று அடுப்பைப் பற்ற வைக்கவே மனசு வருவதில்லை.

பாட்டிமார்கள் கதை வேறு. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் மீதியைச் சாப்பிட்டே பழகியவர்கள். அதிலும் கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி, வெள்ளிக்கிழமை என்று விரதம் வேறு. பாலைப் பேரனுக்கு ஊற்றிவிட்டு, "எனக்குக் கடுங்காப்பி போதும்" என்பார்கள்.

அன்பு சரி. ஆனால் மூளைக்கு அது போதாது!

பி-12 என்ன செய்கிறது?

மூளைக்கும் நரம்புக்கும் அவசியமான ஒரு சத்து வைட்டமின் பி-12. மின்சாரக் கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போல, நம் நரம்புகளுக்கு மேலேயும் ஒரு உறை இருக்கிறது. அந்த உறை கெடாமல் இருக்க பி-12 வேண்டும். புது ரத்த அணுக்கள் உண்டாகவும் அது வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை? ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் போட்டு, அதில் ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான்!

இந்தத் துளிச் சத்து அரிசியில் இல்லை. பருப்பில் இல்லை. காய்கறி, பழத்தில் இல்லை. கறி, ஈரல், மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றில்தான் இருக்கிறது.

பழைய சோறு, தோசை மாவு போன்ற புளித்த சாப்பாட்டில் இது இருப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. பழைய சோறு நல்ல சாப்பாடுதான். அதற்காக அதை மட்டும் நம்பிப் பாலையும் முட்டையையும் விட்டுவிடக் கூடாது.

இந்தச் சத்தின் கதையே சாப்பாட்டில் ஆரம்பித்த கதைதான். ஒரு காலத்தில் ஒருவகை ரத்தசோகை வந்தால் மரணம் நிச்சயம் என்று இருந்தது. 1926-ல் அமெரிக்க டாக்டர்கள் மைனாட், மர்பி இருவரும் நோயாளிகளுக்குத் தினமும் ஈரலைச் சாப்பிடக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 1934-ல் விப்பிள் என்பவரோடு சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலுக்குள் இருந்த மருந்து என்ன என்பது 1948-ல்தான் தெரிந்தது. அதுதான் பி-12!

தட்டில் இருந்தாலும் உடம்பில் சேராது!

"எங்க அம்மா தினமும் பால் குடிக்கறாங்களே, அவங்களுக்கு எப்படிக் குறையும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

சாப்பாட்டில் உள்ள பி-12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். வயிற்றில் சுரக்கும் அமிலம்தான் அதைப் பிரித்துவிடும். பிறகு வயிற்றுச் சுவரில் சுரக்கும் இன்னொரு பொருள் அதைக் கையைப் பிடித்து அழைத்துப்போவது போலச் சிறுகுடலின் கடைசிவரை கொண்டு போகும். அங்கேதான் அது ரத்தத்தில் சேர்கிறது.

வயசானால் பலருக்கு வயிற்றில் அமிலம் குறைந்துவிடுகிறது. அமிலம் குறைந்தால் பி-12 பிரிவதில்லை. தட்டில் இருந்த சத்து உடம்பில் சேராமலே வெளியே போய்விடும்.

இதில் மாத்திரைகளுக்கும் பங்கு உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்களில் பெரும்பாலோர் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரை, வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி-12 சேர்வதைக் குறைக்கும். இது எப்போதோ ஒருவருக்கு வரும் விஷயம் அல்ல, பலருக்கும் வரக்கூடியதுதான் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-ல் டாக்டர்களை உஷார்ப்படுத்தியது. 'கேஸ் டிரபிள்' என்று மருந்துக் கடையில் வாங்கி நாள்கணக்கில்லாமல் விழுங்கும் அமிலம் குறைக்கும் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும்.

உடனே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அது இன்னும் ஆபத்து. டாக்டரிடம் போய், "பி-12 பார்க்கணுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அது போதும்.

காலில் ஆரம்பிக்கும், தலைக்கு ஏறும்

ஈரலில் பி-12 சில வருஷங்களுக்குத் தாங்கும் அளவுக்குச் சேமிப்பாக இருக்கும். அதனால் இன்றைக்குச் சாப்பாட்டில் குறைந்தால் நாளைக்கே தெரியாது. மெதுவாக, சத்தமில்லாமல் வரும்.

பெரும்பாலும் காலில் ஆரம்பிக்கும். பாதம் மதமதவென்று மரத்துப் போகும், ஊசி குத்துவது போல இருக்கும். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்துபோவார்கள். இருட்டில் நடந்தால் தள்ளாடும். நாக்கு சிவந்து வழவழப்பாகி எரியும். எப்போதும் அசதி.

பிறகு தலைக்கு ஏறும். மறதி, குழப்பம், எரிச்சல். சிலருக்குச் சந்தேகம்கூட வரும். "என் பணத்தை நீதான் எடுத்துட்டே!" என்று மருமகளைப் பார்த்துக் கத்துவார்கள். வீட்டில் சண்டை! வியாதி என்று யாருக்கும் தோன்றாது.

"ரத்தம் நல்லாத்தான் இருக்கு, சோகை இல்லைன்னு ரிப்போர்ட் வந்துதே" என்றும் இருந்துவிடக் கூடாது. 1988-ல் அமெரிக்க டாக்டர்கள் பி-12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 40 பேருக்கு ரத்தசோகையும் இல்லை, ரத்த அணுவில் அதற்கான மாற்றமும் இல்லை! ஆகவே சாதாரண ரத்தப் பரிசோதனை போதாது. பி-12 அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. அசதி என்று சொன்னதும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அது சோகையைச் சரி செய்துவிடும். ஆனால் பி-12 குறைவை அப்படியே மூடி மறைத்துவிடும். மேலே பார்த்தால் ஆள் தெளிந்தது போல இருக்கும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

நேற்று நன்றாக இருந்தவர் இன்று உளறுகிறாரா?

மேலே சொன்னது மெதுவாக வரும் மறதி. திடீரென்று வருவது வேறு.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, "பசிக்கலை, அப்புறம் சாப்பிடறேன்" என்று படுத்துவிடும் பெரியவர்கள் எத்தனை பேர்! சில மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாட்டுக்காகக் காத்திருக்காது. சர்க்கரையை இறக்கிவிடும். மூளைக்கு முக்கிய எரிபொருளே சர்க்கரைதான். அது 70-க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், ஆளை அடையாளம் தெரியாது. நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளூக்கோஸோ கொடுக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். சென்னைக் கத்திரி வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. வயசானவர்களுக்குத் தாக உணர்ச்சியே குறைந்துபோகும். போதாக்குறைக்கு, "ராத்திரி எழுந்திருக்கணுமே" என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். உடம்பு வறண்டால் புத்தி தடுமாறும்.

மூன்றாவது உப்பு. ரத்தக் கொதிப்புக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து சட்டென்று இறங்கிப் போவது உண்டு. அதிலும் வாந்தி, பேதி வந்தால் கேட்கவே வேண்டாம். தூக்கம், குழப்பம், உளறல், கடைசியில் வலிப்பு வரைக்கும் போகும்.

ஆகவே நேற்று ராத்திரி தெளிவாகப் பேசிவிட்டுப் படுத்தவர் காலையில் குழம்பினால், அது 'வயசு' இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்துவிட்டாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதம் கூடாது. அது பக்கவாதமாக இருக்கலாம்.

அப்பளமும் ஊறுகாயும் மூளைக்குப் போகும் வழி

"அப்படியானால் உப்பை நிறையப் போட்டுக்கலாமா?" கூடவே கூடாது!

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சாம்பாரிலும் ரசத்திலும் போடும் உப்பே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு!

உப்பு கூடினால் ரத்தக் கொதிப்பு ஏறும். சோறு மலையாகவும் காய் துளியாகவும் சாப்பிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் சர்க்கரை ஏறும். இரண்டும் சேர்ந்து மூளையில் தலைமுடி போல ஓடும் சின்னஞ்சிறு ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். இங்கே ஒரு துளி அடைப்பு, அங்கே ஒரு துளி அடைப்பு. பக்கவாதம் என்று படுக்காமலே மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகும். இப்படி வரும் மறதி நோய் நம் நாட்டில் நிறைய.

இந்தியாவில் 60 வயசைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஆய்வு கணக்குச் சொன்னது. அதாவது சுமார் 88 லட்சம் பேர்!

ஆனால் ஆறுதலும் உண்டு. உலகத்தில் வரும் மறதி நோயில் 100-க்கு 45-ஐத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழி இருக்கலாம் என்று, 'லான்செட்' மருத்துவப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு 2024-ல் சொன்னது. அதற்கு 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், குடி ஆகிய ஐந்தும் இருக்கின்றன. ஐந்துமே வாய் வழியாக உள்ளே போவதோடு சம்பந்தப்பட்டவைதான்!

வல்லாரை சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

வல்லாரைக் கீரை, வெண்டைக்காய், வால்நட் பருப்பு... ஞாபகசக்திக்கு ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். "வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு நல்லா வரும்" என்று சொல்லாத வீடு நம் ஊரில் உண்டா?

எல்லாம் நல்ல சாப்பாடுதான். தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் ஒரே ஒரு பண்டத்தைத் தின்று மறதியை விரட்ட முடியாது.

மூளைக்கு நல்லது என்று பேர் வாங்கிய ஒரு சாப்பாட்டு முறையை அமெரிக்காவில் 604 முதியவர்களை வைத்து மூன்று வருஷம் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களுக்கும், வழக்கமான சாப்பாட்டைக் கொஞ்சம் அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் ஞாபகசக்தியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை!

ஆனால் பின்லாந்தில் 60 முதல் 77 வயசு வரை உள்ள 1,260 பேரை வைத்து இரண்டு வருஷம் நடத்திய சோதனையின் முடிவு 2015-ல் வந்தது. அங்கே வெறும் சாப்பாடு மட்டும் இல்லை. நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரையைக் கவனித்தல் எல்லாம் சேர்ந்து நடந்தது. பலன் தெரிந்தது.

பி-12 ஊசியும் அப்படித்தான். குறைவு உள்ளவர்களுக்கு அது மருந்து. குறைவே இல்லாதவர் வரிசையில் நின்று போட்டுக்கொண்டால் ஞாபகசக்தி கூடாது.

என்ன சாப்பிடலாம்?

செலவு அதிகம் இல்லை. ரெண்டு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர் இருந்தால் ஒரு நாளைய பி-12 தேவையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். முட்டை சாப்பிடுபவர்கள் ஒரு முட்டை சேர்த்துக்கொள்ளலாம். மீன் என்றால் வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. மத்தி, நெத்திலியே போதும். மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பு மத்தியில் நிறைய இருக்கிறது.

பல் இல்லையா? கீரையை மசித்துக் கொடுங்கள். சுண்டலைக் குழைய வேக வைத்து மசியுங்கள். பருப்பைக் கெட்டியாக விடுங்கள். பல் செட் கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுப்பு மூட்ட முடியவில்லையென்றால் பிஸ்கெட்டோடு படுக்காதீர்கள். மாநகராட்சியின் அம்மா உணவகம் 2013-ல் ஆரம்பித்தபோதே தயிர் சாதம் 3 ரூபாய் என்று போட்டது ஏழைகளுக்கும் முதியவர்களுக்கும்தான் பெரிய உதவி. சாதத்தோடு தயிரும் உள்ளே போகிறதே!

எங்கே காட்டலாம்?

முதியோர் வைத்தியத்துக்கு நம் சென்னைதான் நாட்டுக்கே முன்னோடி. டாக்டர் வி.எஸ்.நடராஜன் முயற்சியால் 1978-லேயே அரசு பொது ஆஸ்பத்திரியில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு வந்தது. கிண்டி கிங் ஆய்வகம் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

போகும்போது பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அவர் என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பதையும் சொல்லுங்கள். பி-12, தைராய்டு, சர்க்கரை, சோடியம் ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

பி-12 குறைவு என்று தெரிந்தால் ஊசி அல்லது அதிக அளவு மாத்திரை கொடுப்பார்கள். உடம்பில் சேராத கோளாறு இருப்பவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மருந்தை நிறுத்தவும் கூடாது. எல்லா மறதியும் இதில் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் போகக்கூடிய மறதியைப் போகவிடாமல் வைத்திருப்பது பாவம் இல்லையா?

பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அப்பா ராத்திரி என்ன சாப்பிடுகிறார் என்று தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். டி.வி.க்கு முன்னால் நாம் ஒரு பக்கம், சமையலறை வாசலில் அம்மா ஒரு பக்கம்.

இன்று ராத்திரி இந்தப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பெரியவரோடு சேர்ந்து உட்காருங்கள். அவர் தட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு மிச்சம் வைக்கிறார் என்று பாருங்கள். "இன்னும் கொஞ்சம் தயிர் போட்டுக்கோங்கப்பா" என்று சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் இரண்டு கவளம் கூடவே இறங்கும்.

கால் மரத்துப் போகிறதா என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள்!